ரிங்கு ப்ளூ-ரே: இவ்வளவு புள்ளி இருக்கலாமா?

4 ஜனவரி, மாலை 6:12 (கேள்வி)

ஜப்பான் பேய்ப்படம் ‘ரிங்கு’ (1998) ப்ளூ-ரே வாங்கினேன், ஆரோங்கிற பிரிட்டிஷ் கம்பெனி போட்டது. அட்டைல ‘4கே ரெஸ்டோரேஷன்’னு கொட்டை எழுத்து. போட்டுப் பார்த்தா படம் முழுக்க பொடிப்பொடியா புள்ளி ஆடுது, ராத்திரி சீன்ல பாதி தெரியல. என்கிட்ட இருக்கிற பழைய டிவிடி இதைவிடப் பளிச்சுன்னு இருக்கு. இது ஏமாத்து வேலைதானே?

4 ஜனவரி, இரவு 9:40

இல்லை. 4கே (அகலத்தில் சுமார் 4,000 பிக்சல்) என்பது ஸ்கேன் செய்த அளவு. அசல் கேமரா நெகடிவை 4கே-வில் ஸ்கேன் செய்து, சரிசெய்து, ஒளிப்பதிவாளர் ஜுனிச்சிரோ ஹயாஷியிடம் காட்டி ஒப்புதல் வாங்கி 2019-இல் வெளியிட்டார்கள். ப்ளூ-ரே வட்டில் இருப்பது 1920 × 1080 தான். அட்டையில் பொய் எதுவும் இல்லை, எழுத்து மட்டும் பெரிசு.

புள்ளி விஷயம் வேறு. இது 35 மி.மீ. பிலிமில் எடுத்த படம், அதனால் பிலிம் கிரெயின், அதாவது பிலிமின் சொந்தப் பொடிப்புள்ளி, இருக்கத்தான் செய்யும். ஆனால் இந்தப் படத்தில் புள்ளி மூன்று விதம். ஒன்று பிலிமின் கிரெயின். இரண்டாவது, கதைக்குள் வரும் சாப வீடியோவின் (பார்த்தவர் ஏழு நாளில் சாவார் என்ற டேப்) இரைச்சல். மூன்றாவது, கதைக்குள் இருக்கும் டிவிப் பெட்டிகளின் ஒளிப்புள்ளி. இவை மூன்றும் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரிகிறதா என்பதுதான் இந்த வட்டை எடைபோடுகிற வழி. ‘பளிச்சுன்னு இருக்கா’ என்ற கேள்வியை வேறு படத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

4 ஜனவரி, இரவு 10:05

வட்டைக் குறை சொல்லும் முன் டிவியில் அணைக்க வேண்டியவை: நாய்ஸ் ரிடக்‌ஷன், எம்பெக் ரிடக்‌ஷன், டைனமிக் காண்ட்ராஸ்ட், மோஷன் ஸ்மூத்திங். ‘விவிட்’ மோடை விட்டு ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ மோடுக்கு வாருங்கள். ஷார்ப்னஸ் சில டிவிகளில் 0-இல் நடுநிலை, சிலவற்றில் நடு எண்ணில். டைட்டில் எழுத்தின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே குறையுங்கள். ஓரத்து வெள்ளைக் கோடு மறையும் இடத்தில் நிறுத்துங்கள்.

ஷார்ப்னஸ் 70-இல் வைத்துவிட்டுக் கிரெயினைத் திட்டுபவர்கள்தான் இங்கே பாதிப்பேர்.

5 ஜனவரி, காலை 7:55

பழைய டிவிடி ஏன் பளிச்சென்று இருந்தது என்று கேட்டிருக்கிறார்.

டிவிடி என்றால் 720 × 480, ஐரோப்பா, இந்தியா பக்கத்து ‘பால்’ (PAL) டிவி முறையானால் 720 × 576. அந்த அளவில் கிரெயின் உருவாக இடமே இல்லை. அதற்கு மேல் அந்தக் காலத்தில் இரண்டு வேலை செய்வார்கள்: எட்ஜ் என்ஹான்ஸ்மென்ட் (ஓரத்தைச் செயற்கையாகக் கூர்மையாக்குவது), கூடவே காண்ட்ராஸ்டை ஏற்றுவது. குழாய் டிவியில் அது எடுபட்டது. இன்றைய 55 அங்குலப் பேனலில் கிணற்று விளிம்பைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம், பேயாக வரும் சதாகோவின் முடிக்கும் பின்னணிக்கும் நடுவே இன்னொன்று. கூர்மை என்று நாம் நினைப்பது அந்த வளையத்தைத்தான். நிறுத்திவைத்து கதாநாயகி ரெய்கோவின் கோட்டுத் துணியைப் பாருங்கள். டிவிடியில் ஒரே வண்ணப் பூச்சு, ப்ளூ-ரேயில் நெசவு தெரியும்.

5 ஜனவரி, இரவு 8:30

> சாப வீடியோவை விஎச்எஸ் கேமராலதானே எடுத்தாங்க? அதை எதுக்கு 4கே ஸ்கேன் பண்ணணும்?

இல்லை. அதையும் 35 மி.மீ. பிலிமில்தான் எடுத்தார்கள். பிறகு லேபில் கம்ப்யூட்டர் வழியே பொரிபொரியான தோற்றத்தை ஏற்றினார்கள். அதாவது அந்த அழுக்கு முழுக்க முழுக்கத் திட்டமிட்டுப் போட்டது. ரெஸ்டோரேஷன் ஆட்கள் தூசி, கீறல், அழுக்கு என்று பிரேம் பிரேமாகத் துடைத்துக்கொண்டு வரும்போது இந்தப் பகுதிக்கு வந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். தானியங்கி மென்பொருளை விட்டால் அதற்கு வித்தியாசம் தெரியாது. அரிசியில் கல் பொறுக்கச் சொன்னால் அரிசியையும் சேர்த்துக் கொட்டிவிடும்.

6 ஜனவரி, இரவு 11:15

எந்த இடத்தில் நிறுத்தி எதைப் பார்ப்பது என்று மூன்று பேர் கேட்டாயிற்று. வரிசையாகச் சொல்கிறேன்.

தொடக்கம். இருண்ட கடலின் அலை, அது கரைந்து டிவித் திரையில் பேஸ்பால் ஒளிபரப்பாகிறது. மூன்றில் இரண்டு விதப் புள்ளி முதல் சில நிமிடத்திலேயே வந்துவிடும். கடலின் மேல் நுண்ணிய பிலிம் கிரெயின், அடுத்து டிவிப் படத்தின் கரடுமுரடு, அதன் பின் அறைக்குள் வந்ததும் மறுபடி கிரெயின். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது ‘பொருள்’ மாறுவது உணரப்பட வேண்டும். கடல் ஷாட்டில் சதுரச் சதுரமாகக் கட்டி தெரிந்தால் அது அமுக்கத்தின் (கம்ப்ரெஷன்) கோளாறு.

தொடக்கத்தில் வரும் பெண் டொமோகோ கீழே வந்த பிறகு, பக்கத்து அறையில் டிவி தானாக உயிர்பெறுகிறதே, அங்கே டிவியின் ஒளி சுவரில் தேய்ந்து இருட்டாகும் சரிவைப் பாருங்கள். வழவழவென்று இறங்க வேண்டும். படிப்படியாக வளையம் வளையமாக இறங்கினால் பேண்டிங். சாதா ப்ளூ-ரே 8 பிட், அதாவது ஒரு நிறத்துக்கு 256 படிதான், அதில் பேண்டிங்கை மறைக்கிற வேலையைக் கிரெயின்தான் செய்கிறது. கிரெயினைத் துடைத்த வட்டுகளில் பேண்டிங் பல்லை இளிப்பதற்குக் காரணம் இதுதான்.

ஜப்பானின் இசு பகுதியிலுள்ள தங்கும் குடிலில் ரெய்கோ வீடியோவை முழுசாகப் பார்க்கிற பகுதி. அச்செழுத்துகள் பூச்சிபோல் ஊர்கிற துண்டில் ஒவ்வொரு எழுத்தும் தனியாக நெளிய வேண்டும். மட்டமாக அமுக்கிய (என்கோட் செய்த) வட்டில் எழுத்துகள் கூழாகி, அடுத்த முழு பிரேம் வந்ததும் திடீரென்று தெளிந்து, மறுபடி கூழாகும். அரை விநாடிக்கு ஒருமுறை மூச்சு விடுவதுபோல் இருக்கும். அடுத்தது கண். அந்தக் கண்மணிக்குள் ஓர் எழுத்து இருக்கிறது, கதைக்கு அது முக்கியம். விசிடியில் அது வெறும் கறை. டிவிடியில் ‘ஏதோ இருக்கு’. நல்ல ப்ளூ-ரேயில் கோடுகளைப் பிரித்தே பார்க்கலாம், சுற்றிலும் இரைச்சல் அப்படியே இருக்கும்போதே.

வீடியோ முடிந்ததும் திரையில் தெரியும் அந்த நிழலுருவம். இது கறுப்புக்கும் கறுப்புக்கும் உள்ள வித்தியாசம். டிவி அமைப்பு தப்பென்றால் நிழலுருவம் இருக்காது, ரெய்கோ ஏன் பதறுகிறாள் என்றே புரியாது.

முகம் கலங்கிய போட்டோக்கள். போட்டோவில் முகம் மட்டும் இழுபட்டுக் கலங்கியிருக்கும், போட்டோத் தாளும் பிடித்திருக்கும் விரலும் கூர்மையாக இருக்கும். டிஎன்ஆர் (புள்ளியைத் துடைக்கும் டிஜிட்டல் நாய்ஸ் ரிடக்‌ஷன்) போட்ட வட்டில் விரலும் மெழுகாகிவிடும், பிறகு போட்டோவில் என்ன அதிசயம்?

கடைசிக் காட்சிக்குத் தனியாக வருகிறேன். தூக்கம் வருகிறது.

7 ஜனவரி, மாலை 6:50

கடைசிக் காட்சி. சதாகோவாக வரும் ரியே இனோ மேடை நடிகை. அவரைப் பின்னோக்கி வெட்டி வெட்டி நடக்கச் சொல்லி எடுத்து, பிலிமைத் தலைகீழாக ஓட்டினார்கள். அந்த நடையில் ஒட்டாமல் இருக்கும் கோணல், நொடிக்கு 24 பிரேமும் 24 பிரேமாக வந்தால்தான் கிடைக்கும். மோஷன் ஸ்மூத்திங் போட்ட டிவி, நடுவில் இல்லாத பிரேமைத் தானே வரைந்து நுழைத்து நடையைச் சீராக்கிவிடுகிறது. கிணற்றிலிருந்து வந்தவள் ரேம்ப் வாக் போகிறாள்.

டிவிக்குள் இருக்கும் கிணற்று ஷாட் இரைச்சலோடு இருக்கும், ரெய்கோவின் முன்னாள் கணவர் ர்யூஜியின் அறை சுத்தமான பிலிமாக இருக்கும். சதாகோ டிவிக் கண்ணாடியைத் தாண்டி வரும் இடத்தில் அந்த இரண்டு தோற்றத்துக்கும் நடுவே இருக்கும் எல்லைதான் மொத்தக் காட்சியும். இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி வழித்து விட்டால், ஒரு பெண் ஒரு பெட்டியிலிருந்து இறங்குகிறாள், அவ்வளவே.

7 ஜனவரி, இரவு 7:20

> என் டிவிடில சதாகோ நடக்கும்போது பின்னாடி இன்னொரு சதாகோ மங்கலா வர்றா. ஒரிஜினல் எஃபெக்டா?

இல்லை, அது இலவச இணைப்பு. ஜப்பானிய என்டிஎஸ்சி (ஜப்பான், அமெரிக்காவின் டிவி முறை) மாஸ்டரைப் ‘பால்’ முறைக்கு நேரடியாக மாற்றும்போது இரண்டு பிரேமைக் கலந்து ஒன்றாக்கிவிடுவார்கள். நிறுத்தி ஒவ்வொரு பிரேமாக நகர்த்துங்கள், வேகமாக நகரும் கையோ காரோ இரட்டையாகத் தெரிந்தால் இதுதான். மற்றபடி பேய் ஒன்றுதான்.

ஒழுங்காக மாற்றிய பால் டிவிடியில் இரட்டை உருவம் இருக்காது, ஆனால் 24 பிரேமை 25 ஆக ஓட்டுவார்கள். 96 நிமிடப் படம் 92-க்குச் சுருங்கும். சுருதியைத் திருத்தாமல் விட்டால் குரலும் இசையும் 4 சதவீதம் மேலே போகும், ஒரு அரைசுரத்தில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு. இசையமைப்பாளர் கென்ஜி கவாயின் அடித்தொனிகளில் இது நன்றாகவே உறைக்கும்.

8 ஜனவரி, இரவு 9:10

புள்ளி மெல்லியதோ தடித்ததோ, எதுவானாலும் ‘இது கிரெயினா, கோளாறா’ என்று கண்டுபிடிக்க ஒரே வழி நிறுத்தி நகர்த்துவது.

கிரெயின் ஒவ்வொரு பிரேமிலும் புது இடத்தில் இருக்கும். இடைநிலைச் சாம்பலில், அதாவது சுவர், மேகம், முகத்தின் நிழல்பக்கம், இங்கெல்லாம் அதிகம் தெரியும். அமுக்கக் கோளாறு சதுரமாக இருக்கும், சில பிரேமுக்கு அதே இடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். டிஎன்ஆர் போட்ட படம் என்றால் கேமரா நகரும்போது புள்ளிகள் பொருளோடு சேர்ந்து இழுபடும், கேமரா நின்றதும் ஒரு நொடி கழித்துத் தோல் தெளியும்.

இன்னொன்று. படத்தில் கிழமையும் தேதியும் எழுத்தாக வரும் ஷாட்கள், ஒன்று கரைந்து இன்னொன்றாகும் ஷாட்கள், இவற்றில் மட்டும் கிரெயின் தடித்தால் வட்டைக் குறை சொல்லாதீர்கள். அந்தக் காலத்தில் இவற்றை, பிலிமையே மறுபடி பிலிமில் படமெடுக்கும் ஆப்டிகல் பிரின்டரில் செய்வது வழக்கம். நகலின் நகல் என்பதால் கரகரப்பாகத்தான் இருக்கும். டிஜிட்டலில் செய்து பிலிமுக்கு மாற்றிய துண்டும் அப்படியே. சாப வீடியோவை 8கே-வில் ஸ்கேன் செய்தாலும் அன்றைய கம்ப்யூட்டர் கொடுத்ததற்கு மேல் ஒரு துளி விவரம் வராது.

9 ஜனவரி, மாலை 5:35

> ஸ்ட்ரீமிங்ல பார்த்தா புள்ளியே இல்லையே, அப்ப அதுதான் நல்ல பிரிண்ட்டா?

அமுக்கும் மென்பொருள் எப்படி மிச்சம் பிடிக்கிறது? ‘இந்தப் பிரேம் முந்தைய பிரேம் மாதிரியே இருக்கு, மாறினதை மட்டும் எழுதிக்கலாம்’ என்றுதான். டிவி இரைச்சலில் ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு பிரேமும் மாறுகிறது. மிச்சம் பிடிக்க ஒன்றுமே இல்லை. டிவிடிக்கு வீடியோ உச்சவரம்பு நொடிக்கு 9.8 மெகாபிட் (எம்பிபிஎஸ்), ப்ளூ-ரேக்கு 40. இணையத்தில் எச்டி என்று வருவது பெரும்பாலும் ஒற்றை இலக்கத்தில். எனவே அவர்கள் முன்கூட்டியே கிரெயினை வழித்துவிட்டு அனுப்புகிறார்கள், அல்லது என்கோடர் தானாகவே வழித்துவிடுகிறது. சாப வீடியோ ஓடும்போது படம் சதுரங்களாக உடைவது அதனால்தான்.

கணக்கு: 96 நிமிடம் × 60 × 30 எம்பிபிஎஸ் ÷ 8 = ஏறத்தாழ 21.6 ஜிபி. அதோடு இழப்பில்லா 5.1 ஒலிக்கு இரண்டு, மூன்று ஜிபி. 25 ஜிபி வட்டில் இதற்கே இடம் நெருக்கடி. 50 ஜிபி வட்டில் கூடுதல் அம்சங்களோடு தாராளமாக உட்காரும். எந்தப் பதிப்பு வாங்கினாலும் வட்டின் கொள்ளளவைப் பாருங்கள். ஒரே 50 ஜிபியில் இரண்டு படத்தைத் திணித்த தொகுப்பென்றால் யோசியுங்கள்.

10 ஜனவரி, இரவு 10:20

இருட்டு பற்றி. இரண்டு காரணம் இருக்கலாம், முதலில் சுலபமானதைப் பாருங்கள்.

வீடியோவில் கறுப்பு 16, வெள்ளை 235. பிளேயர் ‘ஃபுல்’ (0–255) அனுப்பி டிவி ‘லிமிடெட்’ என்று எடுத்துக்கொண்டால் நிழல்கள் அத்தனையும் தார் பூசினதுபோல் ஆகிவிடும். தலைகீழாக இருந்தால் கறுப்பு வெளிறிச் சாம்பலாகும். இரண்டு இடத்திலும் ‘லிமிடெட்’ வையுங்கள். சில டிவிகளில் இதன் பெயர் ‘எச்டிஎம்ஐ பிளாக் லெவல்: லோ’. கேள்வி கேட்டவருக்கு இதுதான் பிரச்சினை என்று நினைக்கிறேன், ‘பாதி தெரியல’ என்கிறாரே.

இரண்டாவது, படமே இருட்டுதான். ஹயாஷியின் கை அப்படி. கியோஷி குரோசாவாவின் ‘கைரோ’வும் (2001) ‘ரிங்கு’வை இயக்கிய ஹிதெயோ நகாதாவின் ‘டார்க் வாட்டர்’ படமும் (2002) அவர் ஒளிப்பதிவுதான். மூலையில் வெளிச்சம் போடாமல் விட்டுவிட்டு அங்கே என்ன இருக்கிறது என்று நம்மைத் தேட வைப்பார். அறை விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டிய படத்தை டியூப்லைட்டுக்குக் கீழே போட்டுவிட்டு வட்டைத் திட்டுவது அநியாயம்.

11 ஜனவரி, காலை 8:00

நேற்று எழுதினதோடு இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘ஒளிப்பதிவாளர் ஒப்புதல்’ என்ற முத்திரையைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவும் வேண்டாம். இருபது வருடம் கழித்து, டிஜிட்டல் மானிட்டரில், இன்றைய கண்ணோடு அவர் உட்கார்ந்து திருத்துகிறார். 1998-இல் தியேட்டரில் ஓடிய பிரின்டின் நிறம் அச்சாக அதுதான் என்பதற்கு முத்திரை சாட்சி ஆகாது. அது அவர் விருப்பம் என்பதற்குத்தான் சாட்சி. எனக்கு அதுவே போதும். பழைய டிவிடியின் வெளுத்த நிறத்துக்கு எந்த ஒளிப்பதிவாளரும் கையெழுத்துப் போட்டதில்லையே.

11 ஜனவரி, இரவு 9:45

ஒலி. யாரும் கேட்கவில்லை, ஆனால் இந்தப் படத்துக்குக் காட்சியைவிட ஒலி முக்கியம்.

வட்டில் இழப்பில்லா ஸ்டீரியோவும் டிடிஎஸ்-எச்டி 5.1-உம் இருக்கின்றன. இரண்டு ஸ்பீக்கர்தான் என்றால் ஸ்டீரியோவையே எடுங்கள், 5.1-ஐ டிவி தன் இஷ்டத்துக்குக் கலக்கித் தரும். ‘நைட் மோட்’, ‘டைனமிக் ரேஞ்ச் கம்ப்ரெஷன்’, ‘ஆட்டோ வால்யூம்’ மூன்றையும் அணையுங்கள். படத்தில் நீள நீளமாக மௌனம், நடுவில் ஒரு போன் மணி. ஆட்டோ வால்யூம் மௌனத்தை ஏற்றி மணியை இறக்கி இரண்டையும் சமமாக்கிவிடும்.

சோதனை: பேசாத ஒரு காட்சியில் ஹெட்போன் போடுங்கள். அறையின் சன்னமான இரைச்சல் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். வசனம் வரும்போது மட்டும் இரைச்சல் எழுந்து, முடிந்ததும் கத்தரித்தாற்போல் நின்றால், ஒலியையும் யாரோ ‘சுத்தம்’ செய்திருக்கிறார்கள். கிரெயினைத் துடைப்பதும் இதுவும் ஒரே புத்தி.

12 ஜனவரி, இரவு 8:15

> 4கே யுஎச்டி பதிப்புக்கு மாறலாமா?

55 அங்குல டிவியின் அகலம் 122 செ.மீ. 1080 படத்தில் ஒரு பிக்சல் 0.63 மி.மீ. நல்ல கண் அதைப் பிரித்துப் பார்க்கும் தூரம் சுமார் 2.2 மீட்டர். 4கே பிக்சலைப் பிரிக்க 1.1 மீட்டருக்கு வர வேண்டும். சோபா மூன்று மீட்டரில் கிடக்கிறதென்றால் கூடுதல் பிக்சலுக்குக் கொடுக்கும் காசு வீண்.

யுஎச்டியில் எனக்குப் பிடித்தது 10 பிட். மேலே சொன்ன டிவி வெளிச்சச் சரிவுகள் அதில் சுத்தமாக இறங்கும். எச்டிஆர் (வெளிச்ச வீச்சைக் கூட்டும் முறை) பற்றி அவ்வளவு உற்சாகம் இல்லை. தியேட்டரில் வெள்ளைத் திரையின் வெளிச்சம் சுமார் 48 நிட்ஸ்தான் (நிட்ஸ் என்பது வெளிச்ச அளவு). டிவி இரைச்சல் 600 நிட்ஸில் கண்ணில் குத்தினால் அது நகாதா எடுத்த படம் இல்லை. உங்கள் டிவியில் ‘டைனமிக் டோன் மேப்பிங்’ இருந்தால் இந்தப் படத்துக்கு அணைத்துவிடுங்கள்.

12 ஜனவரி, இரவு 8:40

ஸ்க்ரீன்ஷாட் போட்டுச் சண்டை போடுபவர்களுக்கு: பிஎன்ஜி-யாக எடுங்கள், ஜேபெக் வேண்டாம், அது கிரெயினைத் தின்றுவிடும். இரண்டு பதிப்பிலும் அதே பிரேம் வேண்டும், பக்கத்துப் பிரேம் ஆகாது. போனில் டிவியைப் படம் பிடித்து அனுப்பினால் தெரிவது போனின் அழகு மட்டும்தான்.

படத்தின் அகல-உயர விகிதம் 1.85:1. ஆக 1920-க்கு 1038 வரி வரும், மேலும் கீழும் 21 வரி கறுப்பு. அந்தக் கறுப்பே இல்லாமல் திரை நிரம்பியிருந்தால் வெட்டியிருக்கிறார்கள், அல்லது மேல்கீழ் திறந்து விட்டிருக்கிறார்கள். இந்தப் படத்தில் பெரிய பாதகமில்லை, குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

14 ஜனவரி, மாலை 6:30

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: பிளேயர் ‘ஃபுல்’லில் இருந்ததாம். மாற்றினதும் குடிலில் நிழலுருவம் தெரிகிறதாம். ‘ஆனா புள்ளி இன்னும் இருக்கு’ என்கிறார். இருக்கட்டும்.

15 ஜனவரி, இரவு 9:00

வாங்கப் போகிறவர்களுக்கு மண்டலக் கணக்கு (எந்த நாட்டு வட்டு எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்ற பூட்டு), ஏனென்றால் வரிசையாகக் கேட்கிறார்கள். ப்ளூ-ரேயில் இந்தியாவும் இலங்கையும் சி. பிரிட்டன் பி. அமெரிக்கா, ஜப்பான், சிங்கப்பூர், மலேசியா ஏ. சிங்கப்பூர்க்காரர்கள் ஜப்பான் வட்டையும் அமெரிக்க வட்டையும் நேராகப் போட்டுப் பார்க்கலாம். சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இருப்பவர்களுக்கு மண்டலம் திறந்த பிளேயர் வேண்டும். யுஎச்டி வட்டுக்கு மண்டலப் பூட்டே கிடையாது, ஆனால் அதே பெட்டியில் கூட வரும் சாதா ப்ளூ-ரேக்குப் பூட்டு இருக்கலாம், உறையின் பின்பக்கச் சின்னத்தைப் பாருங்கள்.

ஜப்பான் பதிப்பு வாங்குகிறவர்கள் ஆங்கில சப்டைட்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பெரும்பாலான ஜப்பானிய வட்டுகளில் இருக்காது. சப்டைட்டில் இருந்தாலும் வசனத்துக்கு மட்டுமா, திரையில் வரும் தேதி, செய்தித்தாள், வீடியோவுக்குள் ஊரும் எழுத்து இவற்றுக்கும் உண்டா என்பது தனிக் கேள்வி. இந்தக் கதையில் துப்பு பாதி எழுத்தில்தான் இருக்கிறது.

தொகுப்புப் பெட்டியில் ‘ரிங்கு 2’, ‘ரிங் 0’ கூடவே ‘ராசென்’ படமும் உண்டு. 1998-இல் ‘ரிங்கு’வோடு சேர்த்து ஒரே டிக்கெட்டில் ஓடியது அது. நெகடிவ் வரை போய்ச் செய்த அந்த 4கே வேலை முதல் படத்துக்குத்தான், மற்றவற்றை அதே தராசில் வைக்காதீர்கள்.